எட்டுப் பேர் ஏறலாம்

லிஃப்ட்காரர் தன்னந்தனியாக ஏறினாலும் லிஃப்டில் சிவப்பு விளக்கு எரிந்து, பாரம் அதிகம் என்று மணி அடிக்கத் தொடங்கியது அவருக்கு ஐம்பது வயது நடந்துகொண்டிருந்தபோதுதான். எட்டுப் பேர் ஏறலாம் என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருந்த லிஃப்ட் அது. அவரோ ஒல்லிப்பிச்சான். அவருடைய சட்டை கொடியில் காய்ந்தாலும் அவர் மேல் இருந்தாலும் ஒரே மாதிரிதான் தொங்கும். முதலில் லிஃப்டைத்தான் சந்தேகப்பட்டார். பெட்டியின் அடித்தட்டைத் திறந்து, எடை பார்க்கும் கருவியைத் துடைத்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டார். மணி அடித்தது. தன் பொறுப்பில் இருந்த மற்றக் கட்டடங்களுக்கும் போய் ஏறிப் பார்த்தார். ஒரு லிஃப்ட் பொய் சொல்லலாம், ஊரில் இருக்கிற அத்தனை லிஃப்டும் கூடிப் பேசிக்கொண்டு பொய் சொல்லாது. கடைசியில், லிஃப்டின் தாங்கும் சக்தியைச் சோதிக்க வைத்திருந்த இரும்புக் கட்டிகளை ஒரு பலகையின் ஒரு முனையில் அடுக்கி, மறு முனையில் தான் உட்கார்ந்து பார்த்தார். கட்டிகள் எல்லாம் தீர்ந்தன, பலகை அசையவில்லை. டாக்டர் நாடி பிடித்து, படம் எடுத்து, உடம்பில் ஒன்றுமில்லை, கொஞ்சம் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

காரணம் அவருக்குத் தெரியும். அவர் பாட்டுக் கட்டுகிறவர். யாரிடமும் படித்ததில்லை, யாரும் அவரிடம் கேட்டதுமில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கி எண்ணெய் போடும்போதும், உச்சியில் இயந்திர அறையில் கம்பிவடத்தைத் துடைக்கும்போதும், மெட்டும் வார்த்தையும் கைகோத்துக்கொண்டு வந்து நிற்கும். வந்தவற்றை எழுதி வைக்கும் வழக்கமும் கிடையாது. எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தன, கால் நூற்றாண்டுக்கு மேலாக. இருக்க இருக்கக் கனத்தன. வேலை முடிந்து பஸ்ஸில் வரும் வழியில் ஒரு சரணம் பிடிபட்டது என்றால், அவர் இறங்கும்போது பஸ்ஸின் பின்பக்கம் மூச்சு விட்டதுபோல மேலே எழுந்தது. கண்டக்டர் அதைப் பலமுறை பார்த்திருக்கிறார், ஒன்றும் கேட்டதில்லை.

பாடிவிட்டால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அவர் தொழில் அப்படிப்பட்டது. பழுது பார்த்த லிஃப்டில் உடனே ஆளை ஏற்றக் கூடாது. முதலில் வெறும் பெட்டியாக ஓட்ட வேண்டும். அதற்குக் காலி ஓட்டம் என்று பெயர். பிறகு இரும்புக் கட்டியோடு ஓட்டம், அதற்கும் பிறகுதான் மனிதர்கள். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்ததால் அவர் கை பட்ட லிஃப்ட் எதுவும் யாரையும் நடுவழியில் விட்டதில்லை. அதே ஒழுங்கைப் பாட்டுக்கும் வைத்துவிட்டார் என்பதுதான் கோளாறு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு பாட்டையும் காலி ஓட்டம் விட்டார். ஒவ்வொரு தடவையும் எங்கேயோ லேசாக இடித்தது. இன்னும் ஒரு ஓட்டம் பார்க்கலாம் என்று வெளியே வந்தார். மனைவிக்கே ஒரு பாட்டும் முழுதாகக் கேட்கக் கிடைத்ததில்லை, தண்ணீர் சத்தம்தான் கிடைத்தது.

அந்த அம்மாள் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிறவர். லிஃப்ட்காரர் இளவயதில் கண்ணைக் காட்டப் போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கமாகி, பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. கல்யாணமான முதல் வருஷம் முழுக்க லிஃப்ட்காரருக்குத் தீராத தலைவலி. அந்த வலியோடேயே, வருகிற வருஷம் ஒரு ஆல்பம் போடப் போகிறேன் என்று அறிவித்தார். மனைவியின் தம்பி மைக்செட் வைத்திருப்பவர், அத்தான் சொல்லிவிட்டாரே என்று நல்ல மைக் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அது பரண்மேல் ஏறியது. அடுத்த வருஷமும் அடுத்த வருஷம் ஆயிற்று. நாளடைவில் "அத்தான் ஆல்பம் வந்தப்புறம்" என்பது அந்தக் குடும்பத்தில் ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது. எப்போது கல்யாணம் செய்துகொள்வாய் என்று தம்பியைக் கேட்டால், அத்தான் ஆல்பம் வந்தப்புறம். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளேன் என்று மனைவியைச் சொன்னால், உங்க ஆல்பம் வந்தப்புறம். சொலவடை படியிறங்கி, மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு அங்கேயே வைத்தியமும் பார்த்த பல் டாக்டரம்மாவையும் தொற்றியது. அவர் தன் கிளினிக்குக்குச் சுண்ணாம்பு அடிப்பதை அதுவரைக்கும் தள்ளிப் போட்டார். லிஃப்ட்காரர் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்தபோது நாற்காலியின் கால் ஒன்று குறைந்திருக்கும்.

நாற்காலியோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர்கள் வீடு நாலாவது மாடி, பல் டாக்டரம்மாவின் தலைக்கு நேர் மேலே. கிளினிக்கின் கூரையில் விரிசல் விழுந்ததை முதலில் கண்டுபிடித்தது நோயாளிகள்தான், வாயைத் திறந்துகொண்டு மேலேயே பார்த்தபடி கிடப்பவர்கள் அவர்கள்தானே. டாக்டரம்மா நாகரிகமானவர். உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் மெதுவா நடந்தா நல்லாருக்கும் என்று மட்டும் சொன்னார். அவர் மெதுவாக நடந்தார், பிறகு நடக்காமலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குள் புதிதாக ஒரு பாட்டு வந்து தொலைத்தது. காரை பெயர்ந்து கீழே ஒருவருடைய கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்று மாலையே லிஃப்ட்காரர், பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் மிதித்த படிகளின் ஓரம் உதிர்ந்துகொண்டே வந்தது. தரைத்தளத்தில் காவல்காரருக்கென்று கட்டி, காவல்காரரே இல்லாததால் சும்மா கிடந்த அறையில் குடியேறினார். கால் நீட்டினால் கதவைச் சாத்த முடியாது, அவ்வளவு பெரிய அறை. இறங்கியவரால் திரும்பி ஏற முடியவில்லை. படி தாங்கவில்லை, லிஃப்ட் சம்மதிக்கவில்லை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவர் தன் வீட்டுக்குப் போக வழியில்லாமல் நின்றார்.

கம்பெனியில் அவருக்குக் குழிவேலை மட்டும் கொடுத்தார்கள். அதில் பிழைப்பு ஓடியது. குடித்தனம்தான் நாலு மாடிக்கு நீண்டுபோயிற்று. காலையில் லிஃப்ட் கதவு திறந்தால் உள்ளே ஸ்டூலின்மேல் டிபன் கேரியர் மட்டும் பயணம் செய்து வந்திருக்கும். கழுவிய கேரியர் மாலையில் தனியாக ஏறிப் போகும். லிஃப்டுக்குள் ஆபத்துக்கு அழுத்த ஒரு பொத்தான் உண்டு. யாராவது மாட்டிக்கொண்டால் அதை அழுத்திப் பேசலாம். அந்தக் கம்பியின் மறு முனையை அவர் தம் வீட்டுக் கூடத்துக்கே இழுத்துவிட்டிருந்தார், கட்டடத்தில் யாருக்கு லிஃப்ட் நின்றாலும் அவரைத்தானே தேடுவார்கள். இப்போது அதன் வழியாகத்தான் புருஷன் பெண்டாட்டி பேச்சு. மழை வருது, துணியை எடுத்தியா என்று கீழிருந்து கேட்பார். எடுத்தாச்சு, நீங்க சாப்பிட்டீங்களா என்று மேலிருந்து வரும். உப்பு கம்மி என்பார். அப்ப மேல வந்து சாப்பிடுங்க என்று பதில் வரும். அவர் மறுபடியும் துணியைப் பற்றிக் கேட்பார். பக்கத்தில் இருந்தவரைக்கும் பேசாமலே இருக்க முடிந்தது, இப்போது முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்செட் தம்பி வந்து, பரண்மேல் இருந்த மைக்கைத் தூசி தட்டிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"பாடித் தொலைங்க அத்தான். அக்கா ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. நாலாவது மாடியில கொரட்ட சத்தம் இல்லாம அவங்களுக்குப் பழக்கமில்ல."

"இடம் வேணுமே மாப்ள. இந்த ரூம்ல தெருச் சத்தம் பூரா கேக்குது."

இடத்தை லிஃப்ட்காரரே யோசித்துக் கண்டுபிடித்தார். வீடு மாறுகிறவர்கள் பீரோவை ஏற்றும்போது பெட்டியின் சுவரில் கீறல் விழாமலிருக்கத் தடித்த மெத்தை விரிப்புகளைச் சுற்றிலும் தொங்கவிடுவது உண்டு. அவற்றை மாட்டிக் கதவையும் மூடிவிட்டால் லிஃப்டைவிட அமைதியான அறை அந்தக் கட்டடத்தில் கிடையாது. மத்தியானம் எல்லாரும் வேலைக்கும் தூக்கத்துக்கும் போன நேரத்தில், பழுது பார்க்கப்படுகிறது என்று கதவில் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே புகுந்தார். மணியின் வயரைக் கழற்றிவிட்டார். சிவப்பு விளக்கை மட்டும் கழற்றவில்லை, எடை குறைகிறதா என்று தெரிய வேண்டுமே. தம்பி உள்ளே வரக் கூடாது, வெளியே காதை வைக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலி ஓட்டம்.

வாரக்கணக்கில் பாடினார். பாட்டுகள் பதிவாயின, அழிக்கப்பட்டன, மறுபடியும் பதிவாயின. மூச்சு வாங்குகிறது என்று ஒன்றை அழித்தார், மூச்சே கேட்கவில்லை, உயிரில்லாமல் இருக்கிறது என்று இன்னொன்றை. மாடி ஏறி மூட்டு வலித்தவர்கள் லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு சிவப்பு விளக்கு முதல் நாள் எரிந்த மாதிரியே எரிந்தது. பாட்டு வெளியே வந்துவிட்டது, பாரம் உள்ளேயே நின்றுவிட்டது. அன்று அவர் கேரியரைத் திறக்காமலே மேலே அனுப்பினார். உடம்பு சரியில்லையா என்று பொத்தான் வழியாக மனைவி கேட்டதற்கு, பசிக்கலை என்றார். இனி இந்த அறைதான், இந்த ஆயுசுக்கு இதுதான் என்று பாயில் படுத்துக்கொண்டு அழுதார். அழுகையிலும் எடை குறையவில்லை.

மறுநாள் மைக்கைக் கழற்றி வைத்துவிடும் எண்ணத்தில்தான் உள்ளே போனார். போனவர் பழக்கதோஷத்தில், அந்தப் பாட்டுகளிலேயே அற்பமான ஒன்றை, லிஃப்டைப் பற்றிய ஒன்றை, விரிப்பில் சாய்ந்தபடி பாடிப் பார்த்தார்.

*மேலே போன பெட்டிக்குக் கீழே ஒரு பள்ளம்,*
*கீழே வந்த பெட்டிக்கு மேலே ஒரு வானம்...*

சாய்ந்த தோள், விரிப்புக்குப் பின்னால் இருந்த ஆபத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. நாலாவது மாடியில், விடுமுறை நாளில் கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி, தண்ணீர் சத்தம் இல்லாமல் கணவர் பாடுவதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டார். ஆரம்பம் முதல் முடிவு வரைக்கும் கேட்டார். பாட்டு முடிந்த கணத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது, லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, முதல் மாடிவரை ஏறி நின்றது. தாங்கினால் முழுக்க ஏறும், தாங்காவிட்டால் நகராது, பாதி ஏறுகிற பழக்கம் எந்த லிஃப்டுக்கும் கிடையாது என்று அவரே பலருக்குச் சொல்லியிருக்கிறார். முதல் மாடியில் நின்றபடி அதை யோசித்துக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, என்னமோ திடீர்னு மடியில கனமா இருக்கு. ஒரு பச்சப் புள்ளய வச்ச மாதிரி. எந்திரிக்க முடியல."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு பாடுங்க."

விஷயம் அப்போதுதான் விளங்கியது. பாடினால் போதாது, யாராவது கேட்க வேண்டும். கேட்டவர் மேல் ஒரு பங்கு ஏறிக்கொள்ளும். மனைவி எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார், ஆனால் கூரை விரிசல் இருவருக்கும் நினைவுக்கு வந்தது. ஆகவே பங்கு போட்டார்கள். மைக்செட் தம்பி பொத்தானிலிருந்து வீட்டுக்கு வீடு வயர் இழுத்து ஒலிப்பெட்டி வைத்தார். பல் டாக்டரம்மா கிளினிக்கில் ஒன்று வைத்தார். அங்கே வாயைத் திறந்து கிடந்தவர்கள் மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. இரண்டாவது மாடியில் தையல்காரர் கேட்டார், கால் கனத்துவிட்டதால் அவருடைய மிதி இயந்திரம் அன்றைக்கு லேசாக ஓடியது. தபால்காரர் வாசலில் நின்று ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு, சைக்கிள் டயருக்குக் கொஞ்சம் காற்று அடித்துக்கொண்டு போனார். யாரும் புகார் சொல்லவில்லை. இடுப்பில் ஒரு சின்னக் குடத்தை வைத்தது போல இருந்தது என்றார்கள், அதுவும் நிறைகுடம் என்று தையல்காரர் திருத்தினார்.

அழிக்கிற வேலைக்கும் மனைவி ஒரு முடிவு கட்டினார். கண் பரிசோதனையில் யாரையும் யோசிக்க விடக் கூடாது என்பது அவருடைய தொழில் ரகசியம். ஒரு கண்ணாடியைப் போட்டு, மாற்றி இன்னொன்றைப் போட்டு, முன்னதா பின்னதா என்று சட்டென்று கேட்க வேண்டும். யோசிக்க விட்டால் ஆளுக்குக் குழப்பம் வந்து இரண்டுமே மங்கலாகிவிடும். ஒரே பாட்டின் இரண்டு பதிவை ஓடவிட்டு அதே குரலில் கேட்டார், முன்னதா, பின்னதா? பின்னதுதான், ஆனா அந்த ரெண்டாவது வரியில... என்று லிஃப்ட்காரர் இழுத்தால், அடுத்த ஆள் வரலாம் என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். இப்படிக் கால் நூற்றாண்டு வேலை ஒரு மழைக்காலத்துக்குள் முடிந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் லிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாக உயர ஏறியது. இரண்டாவது மாடி, பிறகு மூன்றாவது. மூன்றாவதில் பல் டாக்டரம்மாவின் வாசலுக்கு நேராக வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

ஒரு பாட்டு மீதி இருந்தது. இருப்பதிலேயே பழையது, கல்யாணத்துக்கு முந்தின வருஷம் கட்டியது. அவர் அதைத் தொட மாட்டேன் என்றார். மெட்டு சரியில்லை என்றார், தொண்டை சரியில்லை என்றார். அதுக்கு இன்னும் காலி ஓட்டமே முடியலை என்றார். மனைவி ஒரு மாடி இறங்கி வந்து, விரிப்பை விலக்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு லிஃப்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"இறங்கிடும்மா. ரெண்டு பேரைத் தாங்காது."

"வெறும் பெட்டியா எவ்வளவு நாள் ஓட்டுவீங்க? நான் ஏறியாச்சு. விழுந்தா சேந்து விழுவோம், பாடுங்க."

வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

*தெரிந்த எழுத்தைத் தெரியவில்லை என்றேன்,*
*தெரியாத உன்னைத் தெரிந்துகொள்ள நின்றேன்...*

பாட்டில் இருந்தது ஒரு திருட்டுத்தனம். அந்தக் காலத்தில் அவர் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. பரிசோதனை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று எழுத்துகளை வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் படித்தார். திரும்பத் திரும்பப் போய்ப் படித்தார். கடைசியில் அந்தப் பெண் ஒரு கண்ணாடி கொடுத்துவிட்டார். அதைப் போடாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஒரு வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டு, தலைவலியில் துடித்தார். பொய்யில் தொடங்கிய குடித்தனம் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்ற பயம் அந்தத் தலைவலி போன பின்னும் போகவில்லை. அந்தப் பாட்டு வெளியே வராததால் ஆல்பமும் வெளியே வரவில்லை. எல்லாக் காலி ஓட்டமும் அந்த ஒன்றைத் தள்ளிப் போடத்தான்.

கடைசி வரியை அவர் முடிப்பதற்குள் ஸ்டூலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆல்பத்திலும் அது கேட்கிறது.

"எனக்கு அன்னிக்கே தெரியும். மேல இருக்கற பெரிய எழுத்து தெரியலைன்னீங்க. அட்டையோட அடி ஓரத்துல பொடி எழுத்துல அச்சாபீஸ் பேர் இருந்துச்சே, அதைப் படிச்சுட்டு, இது எந்தத் தெருவுல இருக்குன்னு எங்கிட்டயே கேட்டீங்க."

"அப்ப எதுக்குக் கண்ணாடி குடுத்தே?"

"சரிபண்ணிக்கத் திரும்பி வருவீங்கன்னுதான். அது வெறும் கண்ணாடிங்க. பவரே கிடையாது."

"அப்ப அந்தத் தலைவலி?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

ஏற்கெனவே தெரிந்த விஷயத்துக்கு எடை கிடையாது போலிருக்கிறது. எல்லாவற்றிலும் கனமான அந்தப் பாட்டு மனைவியின் மேல் ஒரு குன்றிமணி அளவும் ஏறவில்லை. அவரை விட்டும் போய்விட்டது. போன இடம் தெரியவில்லை. விளக்கு அணைந்தது. லிஃப்ட் மேலே கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் நாலாவது மாடியையும் தாண்டி, ஐந்தாவதையும் தாண்டி, மொட்டை மாடியில் துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் போய்க் கதவைத் திறந்தது. இருவரும் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு படிவழியாக இறங்கி வந்தார்கள். படி ஒன்றும் உதிரவில்லை. வீட்டுக்குள் வந்ததும் அவர் முதலில் கேட்டது உப்பு ஜாடி எங்கே என்று.

ஆல்பம் வந்துவிட்டதால் பலருக்குச் சங்கடமாயிற்று. மைக்செட் தம்பி பெண் பார்க்கத் தொடங்க வேண்டியிருந்தது. அவர் ஆல்பத்தில் இன்னும் ஒரு பாட்டுச் சேர்க்கலாமே என்று கெஞ்சிப் பார்த்தார், அக்கா விடவில்லை. பல் டாக்டரம்மா சுண்ணாம்பு அடித்தார். விரிசலை மட்டும் பூசாமல் விட்டுவிட்டார், நோயாளிகளுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று. மனைவி ஸ்கூட்டர் கற்றுக்கொண்டு, பின்னால் கணவரை உட்கார வைத்து ஓட்டினார். வண்டி சாயவே இல்லை. ஆல்பம் கைமாறிக் கைமாறி அக்கம்பக்கம் முழுக்கப் போயிற்று. டாக்டர்கூட இப்போதெல்லாம் எடை பார்த்துவிட்டு, பாட்டுக் கேட்டீங்களா என்று விசாரித்து, ஆமாம் என்றால் ஒரு சின்ன நிறைகுடத்தின் எடையைக் கழித்துக்கொண்டுதான் மருந்து எழுதுகிறார்.

லிஃப்டில் இருந்த பழைய பித்தளைத் தகட்டை லிஃப்ட்காரர் கழற்றிவிட்டு, முறைப்படி கட்டி அடுக்கிச் சோதித்துப் பார்த்து, புதிது ஒன்று மாட்டினார். எட்டுப் பேர் ஏறலாம், பாட்டுக் கேட்டவர்கள் என்றால் ஏழு பேர் என்று அதில் இருக்கிறது. காலையில் கூட்டமான நேரத்தில் எட்டாவதாக வருகிறவர் தகட்டைப் பார்க்கிறார், உள்ளே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை, நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டுப் படியேறுகிறார். ஏறும்போது வாய் தானாக எதையோ முணுமுணுக்கிறது.